கிழக்குப் பார்த்த கோல்போஸ்ட்

பாளையம்பட்டி,
டிசம்பர் 14

அன்பு மகள் சுஜிதாவுக்கு அம்மா ரோஸி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், கத்திக் கத்தி அவர் தொண்டைதான் கட்டிப்போயிருக்கிறது. டப்ளினில் குளிர் எப்படி, நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறார், அதனால்தான் இதைத் தாளில் எழுதி, அங்கே வருகிற எதிர்வீட்டு ஜோயலிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ரிட்டயர் ஆன நாலே மாதத்தில் அடுப்படிக்குள் வந்து, குழம்பில் எப்போது புளியை ஊற்ற வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தவர் உன் அப்பா. நல்லவேளை, திருச்சுழி ரோட்டில் இருக்கிற புதுக் காலேஜில் கூப்பிட்டு முதல் ஃபுட்பால் கோச்சாகப் போட்டார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கபடி சொல்லிக்கொடுத்தவர், பந்தைக் காலால் தொட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால், கபடிக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம், இதுல மூச்சு விட்டுக்கிறலாம் அம்புட்டுத்தான என்றார். ஆனால் பிரின்சிபால் கண்டிப்பான ஆள், கிறிஸ்துமஸுக்குள் ஒரு மேட்சாவது ஜெயிக்காவிட்டால் டீமைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் காலேஜ் பஸ்களை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். டீம் போனால் மனிதர் திரும்ப அடுப்படிக்கு வந்துவிடுவாரே என்று எனக்கு ஒரே திகில். விளையாட்டுக்குச் சொல்கிறேன், காலையில் விசிலை மாட்டிக்கொண்டு அவர் பஸ் ஏறும் அழகைப் பார்த்தால் இது போகக்கூடாதே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

கோல்போஸ்டு நட்டதும் அவர்தான். வடக்கு தெற்காக நட்டால் ஒரு கோல் தெற்குப் பார்த்துப் போயிரும், வாசல் தெற்குப் பார்த்து இருந்தா விளங்குமா என்று கிழக்கு மேற்காக நட்டுவிட்டார். வாஸ்து எல்லாம் மூடநம்பிக்கை என்று சர்ச்சில் எழுந்து நின்று பேசியவரும் இவரேதான். அதோடு விட்டாரா, டாஸ் ஜெயித்தால் முதல் பாதிக்குக் கிழக்குப் பார்த்த கோலைத்தான் கேட்கவேண்டும், நல்ல தொடக்கம் என்று கேப்டன் சங்கரிடம் சொல்லிவைத்தார். டாஸும் தவறாமல் ஜெயித்தோம். முதல் மேட்சில் ஏழு கோல் வாங்கினோம், அடுத்ததில் ஐந்து.

மூன்றாவது மேட்சுக்கு நானும் போனேன். முதல் பாதியில் ஒரு கோலும் விழவில்லை. பக்கம் மாறிய பிறகு நம் கோல்கீப்பர் செல்லப்பாண்டி மேற்கே பார்த்து நிற்கிறான், சாய்ந்த வெயில் நேரே மூஞ்சியில் அடிக்கிறது. கண்ணுக்கு மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் எந்தப் பந்தைப் பிடிப்பான், நாலு கோல் உள்ளே போனது. அப்பாவிடம் சொன்னால், அடுப்படிய நீ பாரு கிரவுண்ட நான் பாக்கேன் என்றார். நேரே சங்கரிடம் போய், தம்பி, அடுத்த மேட்சுல மொதல்ல மேக்க பாத்த கோலக் கேளு, சாரு வஞ்சா நான் பாத்துக்கிறேன் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை கடைசி மேட்ச். சங்கர் அப்படியே கேட்டான், அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். முதல் பாதியில் வெயில் இன்னும் சாயவில்லை, செல்லப்பாண்டி சமாளித்துவிட்டான். இரண்டாம் பாதியில் எதிர் டீம் கோல்கீப்பர் வெயிலில் தடவ, நம் காளீஸ்வரன் உதைத்த பந்து அவன் காலுக்கு நடுவிலேயே போனது. ஒரு கோலில் ஜெயித்தோம். டீமும் தப்பித்தது, வேலையும் தப்பித்தது. பையன்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள், பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடத் தன் கோச்சிங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ரோஸி, நம்ம வாங்குன கோலு பூராம் ரெண்டாவது பாதியிலதான என்றார். ஆமாம் என்றேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனவர் சாயங்காலம்தான் வந்தார், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஜெயிக்கிற கோல்போஸ்டை யாராவது பிடுங்கி மாற்றி நடுவார்களா என்று பிரின்சிபால் சத்தம் போட்டாராம். எதுத்து நின்ன பையன் கண்ணு தெரியாமத் தடவுனான் சார், அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான என்று இவர் சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு கோல் தெற்குப் பார்த்து நிற்கிறது. கொப்புளத்தில் எண்ணெய் தடவிவிட்டேன், இனிமே நெசமாவே ஆட்டத்தப் படிச்சாத்தான் ஜெயிக்க முடியும்போல ரோஸி என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உன்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆண்டவரிடம் தினமும் ஜெபிக்கிறேன். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன் அம்மா,
ரோஸி செல்வதுரை