கலா, உன் போன் இன்னும் அடிக்கிறது

என் செல்லத் தங்கச்சி கலாவுக்கு,

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பொறவும் உன் போனை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. ராஜபாளையத்தில், என் கிளினிக் மேசையில்தான் கிடக்கிறது. நீ இல்லாதது தெரியாமல் யாராவது நோயாளி கூப்பிடுவார். நீ போய்விட்டதைச் சொல்வேன்.

வத்திராயிருப்புப் பக்கம் நீ டாக்டராக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர்களிடம் நீ சேவை, தியாகம் என்றெல்லாம் பேசியதே இல்லை. தாரணி என்ற பொண்ணு, "இங்க தனியா இருக்கப் பயமா இருக்காதா மேடம்?" என்று கேட்டாளாம்.

"பயமாத்தான் இருக்கும். பயந்தா எனக்குப் போன் பண்ணு. வராம மட்டும் இருந்துடாதே" என்றாயாம்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, மேல படிக்க வேண்டிய புள்ளைகள ஏன் மலையடிவாரத்துக்கு இழுக்கே?"

"அங்கயும் பொம்பளைங்க புள்ள பெறுதாங்கல்லக்கா" என்றாய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் உன் போன் அடித்தது. தாரணி. உன் இடத்துக்கே டாக்டராக வந்து சேர்ந்திருக்கிறாள். உன் சாவுக்கு வந்து அழுதவள்தான். ஆனாலும் பதற்றத்தில் விரல் உன் நம்பருக்கே போயிருக்கிறது.

"மேடம், குழந்தை பொறந்துருச்சு, ரத்தம் நிக்கல..." என்றவள் என் குரலைக் கேட்டதும், "யாரு?" என்றாள்.

"நான் கலாவோட அக்கா. பிரசவ டாக்டர்தான். ஊசி போட்டியா?"

"போட்டாச்சு. ஆம்புலன்சும் வருது."

"வயித்து மேல கைய வச்சு கர்ப்பப்பையத் தேய். இறுகுற வரைக்கும் விடாதே."

போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேய்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. பொறவு, "இறுகுது மேடம்" என்று அழுதாள்.

தாயும் பிள்ளையும் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் நலமாக இருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலமே போய்ப் பார்த்தேன். "அந்த டாக்டரம்மாவுக்குக் கை எம்புட்டு வலிச்சிருக்கும்!" என்றாள் பிள்ளை பெற்றவள்.

ஆம்புலன்சில் கூடவே வந்திருந்த தாரணி, வார்டு வாசலில் நின்றாள்.

"வேலைய விட்டுரலாம்னு நேத்துதான் நெனச்சேன் மேடம்."

"இப்போ?"

"விடல."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், கலா?

அடுத்த மாதம் புது மாணவர்கள் வருகிறார்கள். உன்னை மாதிரிப் பேச எனக்கு வராது. வாரம் ஒருநாள் என் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, உன் சுகாதார நிலையத்தில் தாரணி பக்கத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். அந்தப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
மீனா அக்கா