உன் காதுகளால் ஒரு நடை

பேசாமல் இருக்கத் தெரியாத என் அருமை அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மட்டாஞ்சேரிக்கு இப்போது மின்சாரப் படகு வருகிறது. பழைய படகின் தடதடப்பு இல்லாமல் பூனை மாதிரி வந்து நிற்கிறது. உனக்குப் பிடித்திருக்காது. சத்தமில்லாத வண்டியை நம்பாதவன் நீ.

அந்தப் பழைய தடதடப்பு என்னிடம் இருக்கிறது. உன் காதுகளில் சின்ன மைக்குகளைச் செருகி, சட்டைப்பையில் ரெக்கார்டரைப் போட்டு, வீட்டிலிருந்து படகுத்துறை வரை உன்னை நடக்கவிட்டேனே, நினைவிருக்கிறதா? என் காதில் வைத்திருக்க வேண்டியது. எனக்கு அன்று ஜலதோஷம். "தெருவைவிட உன் மூக்குதான் அதிகம் கேட்கும்" என்று நீயே முன்வந்தாய். பேசக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மைக் போட்டவர் பேசினால் கேட்பவரின் மண்டைக்குள்ளேயே ஒலிக்கும். தெரு முழுக்கச் சிநேகிதர்களை வைத்திருந்த உனக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை! சாயாக்கடைச் சேட்டன், "எந்தா ஸ்வாமி, மிண்டாத்தது? மௌன விரதமோ?" என்று நீ பேசாததற்குக் காரணம் கேட்டது வலப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது. நீ பதிலுக்குத் தலையாட்டியதில் அவர் குரலும் லேசாக ஆடுகிறது.

கண்ணை மூடிக் கேட்டால் நான் நடக்கிறேன், அண்ணா. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு நடக்கிற எண்ணம் எப்படி வருகிறது? இடப்பக்கச் சத்தம் இடக்காதை ஒரு துளி முன்னால் தொடுகிறது. வலக்காதுக்குப் போகும் வழியில் தலை குறுக்கே நிற்கிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மூளை முழுத் தெருவையும் கட்டிவிடுகிறது. அதிலும் குறுக்கே நிற்பது உன் தலை, என் தலை இல்லை.

போர்ட் கொச்சியில் ஒரு பழைய கிடங்கில் கண்காட்சி. அதில் இந்த நடையை வைக்கச் சம்மதித்தார்கள். ஒலிப்பதிவில் என்னோடு வேலை செய்யும் ஷிபுதான் முட்டுக்கட்டை போட்டான். மூன்று இடங்களில் நீ தலையைத் திருப்பியிருக்கிறாய்; கேட்பவருக்குக் காரணமே இல்லாமல் தெரு சுற்றுகிறது. முன்னால் இருந்த படகுச் சத்தம் பின்னால் போகிறது, கொஞ்சம் அங்கேயே நிற்கிறது, பிறகு திரும்பி வருகிறது. "சேச்சி, கேள்க்குந்நவர்க்கு தல கறங்ஙும். அது மூணும் வெட்டிக் களயாம்," என்றான். தலைசுற்றும், வெட்டிவிடலாம் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில்தான் நகர்கிறதென்று ஏமாறுகிறோமே, அந்த மாதிரிதான். காது திரும்பிவிட்டேன் என்கிறது. கழுத்தோ, இல்லை என்கிறது. உடம்பு யாரை நம்பும்?

எனக்கு வெட்ட மனம் வரவில்லை. நீ எதற்காகத் திரும்பினாய் என்று தெரியாமல் எப்படி வெட்டுவது? பதிவில் யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. ஹாரன் இல்லை, நாய் குரைக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே வழியில் நடந்து பார்த்தேன். முதல் இடத்தில் பூட்டிய மிளகுக் கிடங்கு. இரண்டாவதில் ஒரு சுவர், அதில் ஏதோ கட்சிப் போஸ்டர். மூன்றாவதில் அதுவும் இல்லை. நடுத்தெருவில் கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டு நின்ற என்னை ஓர் ஆட்டோக்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

கடைசியில் மன்னியிடம் கொண்டுபோனேன். நீ போன பிறகு மாலை போட்ட உன் போட்டோவைக்கூட மன்னி நிமிர்ந்து பார்ப்பதில்லை. கேட்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"அவர் எங்கேடி இருக்கார் இதுல?"

"மன்னி இருக்கற இடத்துலதான் அவனும் இருக்கான்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தெரு சுற்றும்போதெல்லாம் கழுத்து லேசாகத் திரும்பியது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இதுக்கா இத்தனை ஆராய்ச்சி? வளைவு தாண்டினா நின்னு திரும்பிப் பாப்பார். பின்னால வரவா கண்ணுல படறவரைக்கும் நகரமாட்டார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் பின்னால நடந்தவளாக்கும் நான், எனக்குத் தெரியாதா? அன்னிக்குப் பின்னால வந்தது யாரு?"

பதிவில் என் செருப்புச் சத்தம் விழக்கூடாதென்று வெறுங்காலோடு, தள்ளித் தள்ளி வந்தவள் நானல்லவா! அந்த மூன்று இடங்களும் வளைவு தாண்டியவைதான். நான் வளைவில் தலைகாட்டியதுமே நீ முன்னால் பார்த்து நடக்கத் தொடங்கியிருப்பாய்; அதனால் நீ திரும்பியதை நான் பார்த்ததே இல்லை. எந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினாய் என்று அத்தனை நாள் தேடினேன். என் சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பியிருக்கிறாய். மன்னியின் மடியில் தலைவைத்து அழுதேன். அவளும் அழுதாள், நீ போனதிலிருந்து முதல் தடவையாக.

மூன்றையும் வைத்துவிட்டேன். கேட்பவர்களுக்குச் சுழல் நாற்காலி வேண்டும் என்றேன். ஷிபு முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து போட்டான். முதலில் வந்து உட்கார்ந்தவர் திருப்பூணித்துறையிலிருந்து வந்த ஒரு டீச்சர். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். முதல் வளைவு வந்ததும் நாற்காலியோடு மெல்லத் திரும்பினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"புறகில் ஆரோ உண்டென்னு தோந்நி," என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. பின்னால் யாரோ இருப்பதாகத் தோன்றியதாம்.

"நான்தான்," என்றேன்.

இப்போது மன்னியை வெளியே கூட்டிப்போவது என் வேலை. அவளுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் வருவாள். எத்தனை வளைவு வந்தாலும் நின்று திரும்பிப் பார்ப்பேன் அண்ணா, அவள் என் கண்ணில் படும்வரை நகரமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பின்னாலேயே வந்துகொண்டிருந்த
உன் தங்கை ராஜி