முதலில் ஒரு முனை

ஜூன் 9, திங்கள்

இன்று மட்டும் நான்கு தடவை ரோட்டைக் கடந்துபோய் எபினேசர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். எங்கள் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு எதிர்க்கடையில் ஜெராக்ஸ் போடுகிறவர். "அண்ணாச்சி, ஒரு கை" என்றால் போதும், கையில் இருக்கிற பேப்பரை வைத்துவிட்டு வந்துவிடுவார். பேட்டரி சைக்கிளின் பின்பக்கம் அவர், முன்பக்கம் நான். தூக்கி, ரிப்பேருக்குச் சைக்கிளைத் தொங்கவிடுகிற ஸ்டாண்டின் கிளாம்பில் சீட்டுக் கம்பியைக் கொடுத்து இறுக்கியதும் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நல்ல மனுஷன். ஆனால் நான்காவது தடவை, "மைதீன் எப்பம்மா கடைக்கு வாரான்?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அவர் கேட்ட மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, குடலிறக்கம் ஆபரேஷன் ஆகி இன்றோடு பத்து நாள். மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஞ்சர், பிரேக், ஒயர், மோட்டார் எல்லாம் பதினோரு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தே எனக்குக் கைவந்துவிட்டது. தூக்குவது மட்டும் வரவில்லை. மிதிக்கிற சைக்கிளை ஒற்றைக் கையால் மாட்டிவிடுவேன். இது முப்பத்தாறு கிலோ. ஊரில் பாதிப் பேர் இப்போது இதைத்தான் வாங்குகிறார்கள்.

ஜூன் 10

மூன்று தடவை. அண்ணாச்சி இன்று ஒன்றுமே கேட்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் சோறு போடும்போது மச்சான் ஆரம்பித்தார்.

"கடையை மூடிருவோம் பானு. மூணு மாசம்தான?"

"மூணு மாசம் மூடுனா வாரவங்க வேற கடை பாத்துருவாங்க மச்சான்."

"அதுக்காக நீ எப்பப் பாத்தாலும் எதுத்த கடைல போய் ஆள் கூப்பிட்டுட்டு நிப்பியா? அண்ணாச்சி ஒரு நாளு ஊருக்குப் போயிட்டா என்ன செய்வ?"

"நானே தூக்குதேன்."

சிரித்தார். தையல் இழுத்திருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒத்தைலயா? சரிட்டி. அடுத்த வெள்ளி ஜும்மா முடிச்சு வாரேன். என் கண்ணு முன்னால ஏத்து. ஏத்திட்டா கடை உன்னோடது. இல்லைன்னா அன்னைக்கே ஷட்டரை இழுத்துருவோம்."

சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல்தான் சொன்னேன்.

மூடினால் மறுபடி திறக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன், அதுதான் பயம். குடும்பத்துக்காக என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். இது என் நோட்டு, இங்கே எதற்கு மழுப்பல்? எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. செத்துக் கிடந்த சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிற அந்த நிமிஷம் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து முயன்றேன். முழங்கால் வரை வந்தது. பிறகு பெடல் என் காலில் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. மச்சான் கேட்டதற்குக் கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்றேன். எந்தக் கட்டில் என்று அவர் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

ஜூன் 16, திங்கள்

பேட்டரியைக் கழற்றி, பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது கிலோ. அப்படியென்றால் மிச்சம் இருபத்தேழு! ஓடி வந்து தூக்கினேன். இடுப்பு வரை வந்தது, நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. கிளாம்ப் திருகை யார் இறுக்குவது? அதற்கு மூன்றாவது கை வேண்டும். அல்லாஹ் எனக்கு இரண்டுதான் தந்திருக்கிறான். அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. கடைசியில், "அண்ணாச்சீ..."

ஜூன் 17, செவ்வாய்

பனவடலிசத்திரம் சீனியம்மாக்கா சைக்கிளை விட்டுப்போனார். பின்சக்கர மோட்டாரில் கரகரவென்று சத்தம். ஊர் ஊராகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்க்கிற வேலை அவருக்கு. "வெள்ளிக்கிழம சாயந்தரம் குடுத்துரு தாயி. இது இல்லாம நடந்தா நான் பாதி ஊருக்குக்கூடப் போய்ச் சேர மாட்டேன். எனக்கே பிரஷர் வந்துரும்" என்றார். வெள்ளிக்கிழமை! எல்லாம் அந்த ஒரு நாள் தலையிலேயே விழுகிறது.

ஆயில் வாங்கப் போகும் வழியில் ஒரு தறிக்கூடத்து வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே இரண்டு பேர் பாவு நூல் சுற்றிய கனத்த உருளையை, அதுதான் பீம், தறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் கல்யாணத்துக்கு முன்னால் கடையநல்லூரில் நான்கு வருஷம் விசைத்தறியில் இருந்தவள்தானே. பீமை யாரும் முழுசாகத் தூக்க மாட்டார்கள். முதலில் ஒரு முனையைத் தூக்கித் தாங்கியில் உட்கார வைப்பார்கள். ஒரு மூச்சு விடுவார்கள். பிறகுதான் அடுத்த முனை. உட்கார்ந்த முனை பாதிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும்.

ஏட்டி பானு, உனக்குத் தெரிந்த வேலைதானே இது! ஒரு வாரமாக எங்கே போயிருந்தது புத்தி?

ஜூன் 18, புதன்

எழுதவே கை வரல. இருந்தாலும் எழுதுதேன்.

ஸ்டாண்டுக்கு முன்னால் மரப்பெஞ்சைப் போட்டேன். அதற்கு முன், எங்கள் கடை வழக்கப்படி பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகி ஒரு ஹாரன் அடித்தேன். அடித்தால்தான் அன்றைக்கு வேலை ஓடும் என்பது மச்சானின் நம்பிக்கை. இரண்டு முனையாகத் தூக்கினால் பாதிப் பாரம்தானே, பேட்டரியைக் கழற்றுவானேன் என்று ஒரு மிதப்பு. சீனியம்மாக்கா சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். ஜம்மென்று பெஞ்சில் ஏறியது. ஏறிய சந்தோஷத்தில் பிடியை இறுக்கினேன்.

வலது கைப்பிடிதான் ஆக்சிலேட்டர். சாவியை அணைக்கவில்லை.

சைக்கிள் பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்தது. கிரீஸ் டப்பா, ஸ்பேனர் தட்டு, சுவர்க் கண்ணாடி எல்லாம் தரையில். நானும் தரையில். எபினேசர் அண்ணாச்சி ஓடி வந்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "ஏம்மா, ஸ்டாண்டுல ஏத்துதியா, இல்ல ரேஸ் விடுதியா?" என்று கேட்டார். சிரிக்க வேண்டிய பேச்சுதான். நான் அழுதுட்டேன். அவர் முன்னாலேயே. பாவம், அவருக்கு எங்கன பாக்கதுன்னு தெரியல.

சீனியம்மாக்கா சைக்கிளில் கீறல்கூட இல்லை. அதுவரைக்கும் தப்பித்தேன். கண்ணாடி போனது மச்சான் காதுக்குப் போயிருக்கும். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் வெள்ளிக்கிழமை வரட்டும் என்று அர்த்தம்.

ஜூன் 19

தூணில் ஒரு ஆணி அடித்தேன். சாவிக்கு.

ஜூன் 20, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது.

இரண்டு மணிக்குத் தொப்பியோடு மச்சான் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சீனியம்மாக்காவும் சீக்கிரமே வந்துவிட்டார். எதிர்க்கடையில் அண்ணாச்சி ஜெராக்ஸ் மெஷினைத் துடைப்பதுபோல நின்றார். அந்த மெஷினை அவர் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

பிஸ்மி சொல்லி ஹாரன் அடித்தேன். சாவியை அணைத்தேன், உருவினேன், எல்லாரும் பார்க்க ஆணியில் மாட்டினேன். பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தேன். மச்சான் புருவத்தைத் தூக்கினார்.

முதலில் முன்சக்கரம். பெஞ்சில் உட்கார வைத்து, உருளாமல் கட்டையைக் கொடுத்தேன். ஒரு மூச்சு. பிறகு பின்னால் போய் ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் கேரியர். முதுகை வளைக்காமல் காலால் எழுந்தேன். வந்தது. சீட்டுக் கம்பி கிளாம்ப் வாய்க்குள் போய் நின்றது. கேரியருக்கு அடியில் தொடையை முட்டுக்கொடுத்தேன். இப்போது என் வலது கை சும்மா இருந்தது. அல்லாஹ் தந்த இரண்டே போதும்!

திருகைத் தேடும்போது இன்னொரு கை வந்தது. மச்சான், தன்னை மறந்து எழுந்து நிற்கிறார்.

"கையை எடுங்க மச்சான்."

எடுத்துவிட்டார். நானே இறுக்கினேன். விட்டேன். சைக்கிள் என் நெஞ்சு உயரத்தில் தொங்கியது. பின்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினேன், சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏயம்மா! பேறுகாலம் பாத்த மாதிரில்ல இருக்கு" என்று சீனியம்மாக்கா கையைத் தட்டினார். அண்ணாச்சி துடைப்பதை நிறுத்திவிட்டார்.

மச்சான் ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு, "டீ சொல்லட்டுமா பானு?" என்றார். பதினோரு வருஷத்தில் அந்தக் கடையில் எனக்கு அவர் டீ சொன்னது இதுதான் முதல் தடவை. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் தூக்கினேன். நானே தூக்கினேன்.

சத்தம் பேரிங்கில்தான். ஆறு மணிக்குச் சீனியம்மாக்கா ஓட்டிக்கொண்டு போனார்.

ஜூலை 5

இன்று ஐந்து சைக்கிள். ரோட்டைக் கடக்கவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து கடைத்தெரு மறுபடி எங்கள் கைக்கு வந்துவிட்டது. பதினொரு மணி இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பானு! ஒரு கை!"

எபினேசர் அண்ணாச்சிக்குப் புது ஜெராக்ஸ் மெஷின் வந்து இறங்கியிருந்தது. மேடையில் ஏற்ற வேண்டும். அவர் இரண்டு கையாலும் அப்படியே கட்டிப்பிடிக்கப் போனார்.

"முழுசாத் தூக்காதீங்க அண்ணாச்சி. முதல்ல ஒரு முனை."

"சரிங்க மேஸ்திரி" என்றார். போகட்டும், அன்றைக்கு நான் அழுததை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் மச்சானிடம் இனி எல்லாம் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். உண்மையிலேயே சந்தோஷம்தான். வரும் வழியில் அல்வா வாங்கினோம்.

ஆனால் "கடை உன்னோடது" என்று அவர் சொன்னபோது மூன்று மாதம் என்பதுதானே பேச்சு? மூன்று மாதம் முடிந்துவிட்டது. கேட்க வாய் வரல. நாளைலேருந்து நான் என்ன செய்ய?

செப்டம்பர் 9, 10

இரண்டு நாளும் அவர் கடையில்தான். வந்தது எல்லாம் பஞ்சர். ஸ்டாண்டு சும்மா நின்றது. நானும்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கடையநல்லூரில் தங்கச்சி ஆயிஷா சித்திகா வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விசேஷம். காலையிலேயே போய்விட்டேன். திரும்பி பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குத்தான் கால் போனது.

சீனியம்மாக்காவின் சைக்கிள் தரையில் நின்றது. பிரேக் ஒயர் வேலையாம், காலையிலேயே விட்டுப் போனாராம். பேட்டரி கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மரப்பெஞ்சு ஸ்டாண்டுக்கு முன்னால் சரியான தூரத்தில் கிடந்தது. சாவி ஆணியில்.

மச்சான் ஒரு டியூபுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏத்தலையா? டாக்டர்தான் தூக்கலாம்னு சொல்லிட்டாருல்ல?"

"சொல்லிட்டாரு" என்றார், தலையைத் தூக்காமல். "அது உன் வேலைதான? கையை எடுன்னு சொன்னியே, எடுத்துட்டேன்."

புர்காவைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். முதலில் முன்சக்கரம்.