நான் ஹிந்தியில் சொல்லாமல் விட்டது

அக்கா,

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. முன்பக்கம் கதவு திறக்கிற வகை. பழையது ஒருநாள் உறுமிக்கொண்டே நின்றுபோனதால், பெங்களூரில் இருக்கும் மகள் என்னைக் கேட்காமலே ஆர்டர் போட்டுவிட்டாள். அதை ஓட்டிக் காட்ட வந்தவர் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரண்டை மிச்சம் பிடிக்கிற ஓட்டம் இது என்று குமிழைத் திருப்பினார். திரையில் மூன்று மணி இருபது நிமிடம் என்று வந்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "பானி கம், ஹீட்டர் கம், டைம் ஜ்யாதா. பஸ், மேடம்" என்றார். தண்ணீர் குறைவு, சூடு குறைவு, நேரம் மட்டும் அதிகம்.

அவர் போன பிறகு அங்கேயே பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்ன மூன்றையும் நீங்கள் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று, நல்ல தமிழில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

நமக்குள் பதினான்கு வருடப் பழக்கம். டெல்லி துவாரகாவில் இந்த அடுக்குமாடி சொசைட்டியில் ஆறாம் மாடியில் நான், நேர் மேலே ஏழாம் மாடியில் நீங்கள். முப்பது வருடம் டெல்லியில் இருந்தும் உங்களுக்கு ஹிந்தி காய்கறிக்கடையோடு சரி. பேங்க், ஆஸ்பத்திரி, கேஸ் ஏஜென்சி என்று எங்கே போனாலும் என் பக்கம் திரும்பித் திருநெல்வேலித் தமிழில் கடகடவென்று கொட்டுவீர்கள். நான் அதை ஹிந்தியாக்கிக் கொடுப்பேன். "எனக்கு எதுக்குளா ஹிந்தி, அதான் நீ இருக்கேல்லா" என்பீர்கள். அமைச்சகத்தில் காலமெல்லாம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவளுக்கு அந்தப் பெருமை ருசித்தது. ஓய்வு பெற்ற கையோடு சொசைட்டிச் செயலாளர் பதவியும் சேர்ந்துகொள்ள, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் நவம்பரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. மொட்டைமாடித் தொட்டி காலை ஒன்பதுக்கே காலியாகிவிடும். டாங்கர் வரவழைத்தும் போதவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு என்னைப் பிடித்து உலுக்கினார்கள். எனக்கு யாரையாவது கைகாட்ட வேண்டியிருந்தது. உங்கள் மெஷின் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற சத்தம் என் தலைக்கு மேலேதான் கேட்கும். உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி பக்கவாதத்தில் படுத்த பிறகு படுக்கை விரிப்புகளை நீங்கள் தினமும் துவைக்க வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும், மூன்று மணி நேரம் ஓடுகிற மெஷின் மூன்று மணி நேரமும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்கவில்லை. ஒரு மாடி ஏறி வந்து உங்களைக்கூடக் கேட்கவில்லை. ஏழாம் மாடியில் ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் அளவுக்கு மீறி ஓட்டப்படுகிறது என்று லிஃப்ட் பக்கத்து போர்டில் நோட்டீஸ் ஒட்டினேன். பெயர் போடவில்லை, அதில் ஒரு நாகரிகம் வேறு எனக்கு. அது எந்த வீடு என்று கேட் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். வழக்கமாக வராத நீங்கள், அண்ணாச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வந்திருந்தீர்கள். தண்ணீர்ப் பேச்சு வந்ததும் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். பேங்கில் திரும்புவதைப் போலவே என் பக்கம் திரும்பினீர்கள்.

"பிள்ளே, இவங்ககிட்ட எடுத்துச் சொல்லு. நேரந்தான் கூட ஓடுது, தண்ணி கொஞ்சமாத்தான் எடுக்கும். அடியில நிக்கிற தண்ணியில துணியத் தூக்கித் தூக்கிப் போடும். பாதி நேரம் சும்மா கெடக்கும், சோப்புல ஊறுதுல்லா. தண்ணியச் சூடாக்கத்தான் கரண்டு நெறைய ஆவும். இதுல சூடு கம்மி, அதான் நேரம் இழுக்கு. வாரத்துக்கு ஒருக்கா மட்டும் அவுக விரிப்ப நல்ல சூட்டுல போடுதேன்."

மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிற படங்களைப் பார்த்தும், கண்ணாடிக் கதவு முன்னால் உட்கார்ந்து கவனித்தும் நீங்களே தெரிந்துகொண்டது அது. நான் கூட்டத்தைப் பார்த்து ஹிந்தியில் சொன்னது ஒரே வாக்கியம்.

"யே கஹ் ரஹீ ஹைன், ஆகே சே த்யான் ரக்கேங்கி."

இனிமேல் கவனமாக இருப்பாராம். நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் என் நோட்டீஸ் தப்பு என்று ஆகியிருக்கும். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. நேரமாகிவிட்டது, சுருக்கிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுருக்கமில்லை அக்கா, பச்சைப் புரட்டு. அந்த வாக்கியத்துக்குக் காய்கறிக்கடை ஹிந்தியே போதும். உங்களுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தீர்கள், "செரி" என்று உட்கார்ந்தீர்கள். கூட்டம் பார்க்கிங் சண்டைக்குப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து மெஷின் சத்தம் இல்லை. பதிலுக்கு உங்கள் குளியலறையிலிருந்து துணி அடிக்கிற சத்தம் கேட்டது. டிசம்பர் முழுக்கக் கேட்டது, குழாயைத் தொட்டாலே விறைக்கிற ஜனவரியிலும் கேட்டது. கீழே நான் காபி குடித்துக்கொண்டு, நோட்டீஸ் வேலை செய்திருக்கிறது என்று திருப்திப்பட்டேன். இதை எழுதும்போது உடம்பெல்லாம் கூசுகிறது. ஒருநாள் லிஃப்டில் உங்கள் கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, குளிர் என்றீர்கள். என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, இட்லி மாவு கொடுப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைகூட என்னை உங்களுக்காக ஹிந்தி பேசக் கூப்பிடவில்லை. மருந்துக்கடையில் சீட்டை நீட்டி நீங்களே தட்டுத்தடுமாறிப் பேசியதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் பிளம்பர் கண்டுபிடித்தார். தொட்டிக்கு ஏறுகிற குழாயில் விரிசல், பாதித் தண்ணீர் சுவரோரமாகவே இறங்கிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் நோட்டீஸைக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மாடி ஏறி வந்து சொல்ல வேண்டியதுதானே? தண்ணீருக்கு நீங்கள் காரணமில்லை, சரி, ஆனால் கரண்ட் வீண்தானே என்று மனசுக்குள் ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கினேன். மார்ச்சில் அண்ணாச்சி போனார். துக்க வீட்டில் இதையெல்லாம் பேசுவதா என்று ஒரு சாக்கு கிடைத்தது. அடுத்த வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்களும் திரும்பி வரவில்லை.

அதனால்தான் இந்தப் புது மெஷினை நான் சும்மா விடவில்லை. அதே நீண்ட ஓட்டத்தில் இரண்டு விரிப்பைப் போட்டுவிட்டு, கரண்ட் மீட்டர் முன்னால் போய் நின்றேன். தண்ணீர் சூடாகிற வரைக்கும் அதன் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது. அப்புறம் ஆற அமர எப்போதாவது ஒன்று. டிரம் சுற்றுவதற்கு ஆகிற கரண்ட் அவ்வளவு கொஞ்சம். பால்கனிக்கு வந்தால் டிரம் இரண்டு சுற்று சுற்றும், பேசாமல் நிற்கும், மறுபடி சுற்றும். வெளியேறும் தண்ணீரை பக்கெட்டில் பிடித்தேன். முழு ஓட்டத்துக்கும் மூன்று பக்கெட் நிறையவில்லை. மறுநாள் அதே விரிப்புகளைக் குளியலறையில் கையால் துவைத்து அலசினேன். ஏழாவது பக்கெட்டில்தான் சோப்பு போனது. உங்களை மிச்சம் பிடிக்க வைத்ததாக நான் மார் தட்டிக்கொண்ட குளிர்காலம் முழுக்க, நீங்கள் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் இறைத்துக் கை வெடித்திருக்கிறீர்கள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு நாளைக்கு.

குருகிராமில் இருக்கும் உங்கள் மகனுக்கு அன்றைக்கே போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் எடுத்தேன், ஆனால் வாய் வரவில்லை. புது மெஷின் வாங்கியிருக்கிறேன், உங்கள் வீட்டில் இருந்த மாதிரியே, என்று சுற்றி வளைத்தேன். அவன் சொன்னான்:

"அந்த மெஷின் பேச்சை எடுத்தாலே எனக்குக் கஷ்டமா இருக்கும் ஆன்ட்டி. கராப் ஆயிடுச்சுன்னு அம்மா நவம்பர்லயே சொன்னாங்க. மெக்கானிக்கை அனுப்பறேன், இந்த சண்டே, அடுத்த சண்டேன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். அம்மா அந்த டண்டில, ஐஸ் மாதிரி தண்ணியில, கையால தோச்சாங்க. அப்புறம் அதை பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரன்கிட்ட போட்டுட்டேன். ஒரு போன் பண்ணியிருந்தா போதும் ஆன்ட்டி. நான் பண்ணலே."

கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். என் பெயரை உங்கள் பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. அதனால் அவன் இத்தனை நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறான்.

மெஷின் கெடவில்லை என்றேன். நோட்டீஸைச் சொன்னேன், கூட்டத்தைச் சொன்னேன். நீங்கள் அன்று தமிழில் சொன்னதை முழுதாக, ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் ஹிந்தியில் சொன்ன ஒரு வாக்கியத்தையும் சொன்னேன். அவனுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ மெஷின் நல்லாத்தான் இருந்துதா?" என்று மட்டும் கேட்டான்.

"நல்லாத்தான் இருந்தது" என்றேன்.

போனை வைத்துவிட்டான். ஆறு நாளாகிறது, கூப்பிடவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதலில் வாழ்த்து அனுப்புகிற பிள்ளை, இனிமேல் அனுப்புவானா என்று தெரியவில்லை. அனுப்பாவிட்டாலும் நான் கேட்கப் போவதில்லை. அவன் சுமந்துகொண்டிருந்தது அவனுடையதல்ல அக்கா. அதை வாங்கிக்கொண்டுவிட்டேன். இனி அது என்னோடு இருக்கும்.