ஊதா விளக்கு வேண்டாம்

டிசம்பர் 3

குபாத் கடையில் அரைமணி நேரம் நின்றேன். நாரின் ஊர்ச் சந்தையில் பல்போ ஒயரோ எது வேண்டுமென்றாலும் அவனிடம்தான் போக வேண்டும். வீட்டுக்குள் கீரை வளர்க்க விளக்கு என்று சொன்னதுமே அந்த ஊதா விளக்கை எடுத்து நீட்டினான். டப்பாவின் மேல் மனிதத் தலை அளவுக்கு ஒரு தக்காளிப் படம்.

"இத மாட்டு, எல்னூரா. தக்காளி உன்கூட உக்காந்து டீ குடிக்கும்."

"எத்தனை வாட்?"

"ஆயிரம்னு போட்டிருக்கு பாரு."

கையில் வாங்கினேன். ரொட்டி கனம்கூட இல்லை. ஆயிரம் வாட் எரிகிற விளக்குக்குச் சூட்டை இழுத்துக்கொள்ள அலுமினியம் வேண்டாமா? இதற்குள் தகரமும் காற்றும்தான் இருக்கின்றன.

"நானே செஞ்சுக்கறேன். வெள்ளை எல்.இ.டி. பட்டை வேணும்."

"செடிக்கு ஊதாதான் புடிக்கும்."

"எந்தச் செடி வந்து உங்கிட்ட சொல்லிச்சு?"

பக்கத்துக் கடைப் பெண் சிரித்துவிட்டாள். குபாத்தின் காது சிவந்தது. இனி எனக்கு எதையும் விலை குறைத்துத் தரமாட்டான்.

வெள்ளைதான். செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் வெள்ளைக்குள்ளேயே இருக்கின்றன. அதோடு, இலை மஞ்சளானால் எனக்குத் தெரியும். ஊதாவுக்கு அடியில் எல்லா இலையும் கறுப்பு.

டிசம்பர் 6

மக்சாத் பைக்கே, என் அண்ணன், வந்தார். குளிர்காலத்துக்கென்று அறுத்த குதிரையில் பாதியை என் பால்கனிக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டார். அவர் வீட்டில் இடமில்லை. என் பால்கனி வடக்கு பார்த்தது, மார்ச் வரை பனிக்கட்டி. என் பால்கனி என்கிறேன். வீடே அவருடையதுதான். தலைநகர் பிஷ்கெக்கில் பார்த்த வேலையை விட்டு வந்தபோது தங்கிக்கொள் என்று தந்தார். அதற்கு நன்றி சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது.

செடித் தட்டுகளுக்காக நான் அடித்து வைத்திருந்த மரச்சட்டங்களைப் பார்த்து "இது என்ன?" என்றார். சொன்னேன்.

"கீரையா? சந்தைல வாங்க வேண்டியதுதான?"

"பனி விழுந்து மலைக்கணவாய் மூடினா சந்தைல என்ன இருக்கு, பைக்கே? வாடின தண்டு இருக்கு."

"எதையோ பண்ணு. ஆனா கேட்டுக்கோ. இந்தப் படிக்கட்டு வாசல்காரங்க யாராவது ஒருத்தர் எங்கிட்ட புகார்னு வந்தா, வீட்ட வாடகைக்கு விட்டுடுவேன். நீ நம்ம வீட்டுக்கு வந்துடு. பொண்ணு தனியா இருக்கறதே ஊருக்கு ஒரு பேச்சு."

நம்ம வீடு. அவர் குழந்தைகள் மூன்று பேரோடு ஒரே அறை. மொழிபெயர்ப்பு வேலையை எந்த மேசையில் செய்வேன்? மேசை கிடக்கட்டும். கதவைச் சாத்திக்கொள்ள எனக்கு அங்கே கதவு எது?

டிசம்பர் 10

பட்டைகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, டிரைவர், எது என்று இன்னும் முடிவாகவில்லை. மூன்று நாளாகத் தரவுத் தாள்களைப் படிக்கிறேன், வேறு எந்தப் புத்தகமும் ஓடவில்லை.

பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் வோல்ட் கூடிக்கொண்டே போகும், ஓடும் மின்னோட்டம் ஒன்றுதான். ஆகவே மின்னோட்டத்தை மாறாமல் வைக்கிற டிரைவர் வேண்டும். நான்கு பட்டையின் மொத்த வோல்ட் அதன் எல்லைக்குள், ஓரத்தில் இல்லாமல், நடுவில் விழ வேண்டும். குபாத் பழைய லேப்டாப் அடாப்டரை எடுத்துக் காட்டி "இது போதும்" என்கிறான். அவன் வீடு எரியட்டும், என் வீடு வேண்டாம்.

இன்னொன்றும் தீர்மானித்துவிட்டேன். பட்டை தாங்கக்கூடிய மின்னோட்டத்தில் பாதிதான் கொடுப்பேன். பட்டை இரட்டிப்பாக வாங்க வேண்டும். ஆனால் சூடு குறையும், அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கூடும், விசிறியும் தேவைப்படாது. அவசரப்படாத விளக்கு.

டிசம்பர் 17

பட்டைகளும் டிரைவர்களும் தபாலில் வந்துவிட்டன. அலுமினிய சேனல் ஜன்னல் பொருத்துகிறவர்களிடம் மிச்சத்தில் கிடைத்தது. டிரைவர் உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது, எர்த் இணைப்புக்கு மஞ்சள்-பச்சை ஒயரும் உண்டு. அந்த ஒயருக்காகத்தான் இரண்டு மலிவு டிரைவர்களை ஒதுக்கினேன்.

டிசம்பர் 21

எரிகிறது!

ஒரு மணி நேரம் கழித்து சேனலைத் தொட்டேன். தேநீர்க் கிண்ணத்தின் வெளிப்புறம் மாதிரி இளஞ்சூடு. அவ்வளவுதான். இரண்டு விளக்கும் சேர்த்து நூற்று முப்பது வாட், மீட்டர் வைத்தே பார்த்தேன்.

பால்கனியில்தான் வைத்திருக்கிறேன். வேலை செய்யும் அறையில் அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நுரைத்தகடு ஒட்டினேன், ஒரே ஒரு கண்ணாடியைத் தவிர. விளக்கின் சூடு செடிகளிடமே தங்கட்டும் என்று தட்டுகளைச் சுற்றித் தெளிவான பிளாஸ்டிக் தாளும் மூடினேன். கொத்தமல்லி, சதகுப்பை, லெட்டூஸ் விதைத்தாயிற்று. ஒரு தட்டு நிறைய வெங்காயம் ஊன்றினேன்.

ஜனவரி 5

முளைகள் நிமிர்ந்து நிற்கின்றன. வெளிச்சம் போதாவிட்டால் நூலாக நீளும். ஒன்றுகூட நீளவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 12

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. சாயங்காலம் எங்கள் படிக்கட்டு வாசலின் வீடுகள் முழுக்க ஃப்யூஸ் போயிற்று, இந்த வாரத்தில் நான்காவது முறை. படியில் டார்ச்சுகள், செருப்புச் சத்தம். எங்கள் வாசலின் பொறுப்பாளர் ராய்கான் எஜே, வாசலுக்கே அக்கா, நேராக என் கதவுக்கு வந்தார்.

"அடியே, ராத்திரியெல்லாம் எரியுதே அது, அத அணை."

"என்னோடதால இல்ல, எஜே. அது நூத்தி முப்பது வாட்தான்."

"முற்றத்துலேருந்து பாத்தா நிலா மாதிரி இருக்கு. நிலாவுக்கு நூத்தி முப்பது வாட்டா?"

பின்னால் நின்ற மூன்றாம் மாடி டாக்சிக்கார ஜெனிஷ், "என்ன செடின்னு போலீஸ்காரங்ககிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை.

ஊர்க் கொதிகலனிலிருந்து குழாயில் வரும் சூடு கைக்குக்கூடப் போதவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஓடுகிறது. ஹீட்டர் ஜன்னலுக்கு வெளியே தெரியாது, என் விளக்கு தெரிகிறது. இதுதான் என் குற்றம்.

ஒட்டாமல் விட்ட அந்தக் கண்ணாடிக்குத் திரை போடலாம். போட மாட்டேன். திரை போட்டால் எதையோ மறைக்கிறேன் என்று ஆகும்.

ஜனவரி 16

வாசல் வாட்ஸ்அப் குழுவில் ராய்கான் எஜே எழுதியிருக்கிறார்: ஏழாம் எண் வீட்டு விளக்கு பற்றி வீட்டுக்காரர் மக்சாத்திடம் அடுத்த ஞாயிறு கழித்துப் பேசப்போகிறாராம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். என் மீட்டரைப் படம் எடுத்துப் போட்டேன், 130 என்று தெளிவாகத் தெரியும்படி. பதிலாக ஜெனிஷ் மட்டும் ஒரு நிலா பொம்மை போட்டான்.

ஜனவரி 23

அய்யோ. இறைச்சி.

நாலு நாளாகக் குளிர் அதிகம் என்று ராத்திரியில் அறைக்கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன், செடிகளுக்குச் சூடு போகட்டும் என்று. காலையில் தண்ணீர் விடப் போனால் இறைச்சியைச் சுற்றிய துணியிலிருந்து சொட்டுகிறது. தொட்டேன். மெத்தென்று இருக்கிறது. குதிரையில் பாதி, அத்தனையும்!

நுரைத்தகடு ஒட்டினேன், மூடினேன், கதவைத் திறந்தேன்— கொத்தமல்லிக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று கணக்குப் போட்ட புத்திசாலி, ஒரு கை தூரத்தில் குதிரை தொங்குகிறதே என்று பார்த்தேனா? பிறந்ததிலிருந்து குளிர்காலத்தில் பால்கனியில் இறைச்சி தொங்குவதையே பார்த்து வளர்ந்தவள். அதனாலேயே கண்ணில் படவில்லையோ? சுவர் மாதிரி ஆகிவிட்டதோ?

மோந்து பார்த்தேன், கெடவில்லை. ஆனால் திரும்ப உறைய வைக்க முடியாது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். மறைக்க மாட்டேன் என்றால் இதையும்தான் மறைக்கக் கூடாது.

"என்ன சொல்ற? மாமனார் வீட்டுக்கு வச்சிருந்தது அது!"

"தெரியும், பைக்கே. என் தப்பு."

"உன் கீரைக்கு என் குதிரையா?" பிறகு, "ஞாயித்துக்கிழமை வரேன். சாவிய எடுத்து வை."

ஜனவரி 24

தூங்கவில்லை. சாவியைக் கொடுக்க முடியாது. அழுதுகொண்டே எழுதுகிறேன், ஆனாலும் கொடுக்க முடியாது.

யோசித்தேன். குளிர்கால இறைச்சி அறுத்தவர் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு அதில் விருந்து போடுவார். அண்ணன் தன் தெருவுக்குப் போட்டார். இந்த வாசலுக்கு யார் போட்டார்கள்? வீடு இங்கே இருக்கிறது, இறைச்சியும் இங்கே தொங்குகிறது. பாக்கி விருந்துதான்.

குழுவில் எழுதினேன்: "மக்சாத் பைக்கேயின் குளிர்கால இறைச்சி. ஞாயிறு சாயங்காலம் ஏழாம் எண் வீடு. எல்லோரும் வர வேண்டும். குழந்தைகளும்."

இந்த அழைப்புக்கு வரமாட்டேன் என்று சொல்வது பெரிய அவமரியாதை. விருந்து தன் பெயரில் நடக்கும்போது வீட்டுக்காரர் சண்டை போடுவது அதைவிடப் பெரியது. தெரிந்துதான் செய்தேன்.

ஜனவரி 26

நேற்றிலிருந்து வேகவைத்து வேகவைத்து ஜன்னலெல்லாம் வியர்த்துவிட்டது. இறைச்சியோடு போடும் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்து வெட்டியது ராய்கான் எஜே. கூப்பிடவில்லை, மதியமே தானாக வந்துவிட்டார். "நீ வெட்டினா கயிறு மாதிரி வெட்டுவ" என்றார், அவ்வளவுதான்.

சாயங்காலம் எட்டு வீடும் வந்தது. அறை போதாமல் பால்கனிக் கதவைத் திறந்து, விளக்கின் வெளிச்சத்திலேயே தரையில் விரிப்புப் போட்டோம். எல்லார் கண்ணெதிரிலும் கத்தரிக்கோலால் கொத்தமல்லியும் சதகுப்பையும் வெங்காயத்தாளும் வெட்டி, ஆவி பறக்கும் இறைச்சி மேல் தூவினேன். ஜெனிஷ் ஒரு தண்டை மோந்தான்.

"இது நிஜக் கீரைடா."

"போலீஸ்ல சொல்லிடு," என்றேன்.

அண்ணன் வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். மூலையில் உயர்ந்த இடத்தில் உட்கார வைத்து, மரியாதைக்குரியவருக்கென்று வைக்கும் இடுப்பெலும்பை அவர் முன்னால் வைத்தார்கள். ராய்கான் எஜே கைகளை விரித்து, "இந்த வீட்டுக்காரன் சட்டியில கொழுப்பு குறையாம இருக்கட்டும், இந்த வாசப்படி மிதிபட்டுக்கிட்டே இருக்கட்டும்" என்று வாழ்த்தினார். வாழ்த்தை ஏற்று எல்லாரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அண்ணனும். என்னைப் பார்த்த பார்வையில் சாவி இருந்தது. வாயில் இறைச்சி இருந்தது.

மூன்று மணி நேரம். விளக்கு இரண்டும் முழுசாக எரிந்தன, அடுப்பும் எரிந்தது. ஃப்யூஸ் போகவில்லை. அது யார் மனதிலும் படவில்லை, என் மனதிலும் இல்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பி வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு சாத்தும் சத்தம். பட்டென்று எல்லாம் இருட்டு.

படிக்கட்டில் ஜெனிஷின் குரல்: "பாத்தீங்களா! நிலா!"

ராய்கான் எஜேயின் குரல் கீழேயிருந்து வந்தது, மெதுவாக: "மூடுடா வாய. நிலா சாயங்காலத்துலேருந்து எரிஞ்சுதே. அப்ப போகல. நீயும் நானும் வீட்டுக்குப் போயி ஹீட்டரப் போட்டோம், இப்ப போயிடுச்சு."

இருட்டில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு மாடியாக.

அண்ணன் கதவருகே நின்றார். "பாக்கி இறைச்சி இருக்கா?" என்றார். ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தேன். வேறெதுவும் கேட்காமல் டார்ச் அடித்துக்கொண்டு இறங்கினார்.

ஜனவரி 27

உடம்பெல்லாம் வலி. குதிரைக்கொழுப்பு கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. விசைப்பலகையிலும் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 2

வாசல் குழுவில் புதிய ஏற்பாடு: மேல் மாடிகளுக்கு ஒரு மணி நேரம், கீழ் மாடிகளுக்கு ஒரு மணி நேரம் என்று மாறி மாறி ஹீட்டர். ராய்கான் எஜே எழுதியது. ஏழாம் எண் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மன்னிப்பும் இல்லை. எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 19

ராய்கான் எஜேயுடன் சந்தைக்குப் போனேன். அவர் சமையலறை ஜன்னலுக்கு ஒரு விளக்கு வேண்டுமாம், மிளகாய் நாற்றுக்கு. குபாத் ஊதா டப்பாவை எடுத்தான். எஜே அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "அலுமினியம் எங்கடா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒயர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பட்டைக்கு வோல்ட் குறைவு, ஆகவே அவருக்குச் சின்ன டிரைவர் போதும். ஆனால் சமையலறை ஆவி படும். ஈரம் புகாத பெட்டி உள்ளதாகப் பார்க்க வேண்டும். இரண்டு மாதிரி கண்ணில் பட்டிருக்கிறது, நாளை தரவுத் தாள் படிக்கிறேன்.

அண்ணன் மதியம் போன் செய்தார். வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கேட்டாராம்.

"ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றார்.