நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன்

என் பிரியமான மாப்ள அறிவழகா,

நேற்று மத்தியானம் டிராக்டரை வரப்போரம் நிறுத்திவிட்டு அதன் நிழலிலேயே கண்ணயர்ந்தேன். நீ செய்யாற்று மணலில் நடந்து வந்தாய். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. உன் வேட்டி மட்டும் நனையவில்லை. "இன்னா மச்சான், தூங்கிக்கினே ஜெபமா?" என்றாய். சிரித்தபடியே விழித்தேன். எதிரே வெயிலில் நெல்தூசு மிதந்துகொண்டிருந்தது.

நீ போய் ஏழு மாதமாகிறது. செத்தவர்கள் கனவில் வருவது மூளையின் வேலை என்பாய். இருக்கட்டுமே. மூளையாவது உன்னைக் கூட்டி வருகிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நீ என் தங்கை எஸ்தரைக் கட்டினாய். நான் சபையில் வேதம் வாசிப்பவன், கோயில் சாவி வைத்திருப்பவன். நீ மாகறல் ரோட்டோரம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன், எந்தச் சாமியும் இல்லாதவன். உன் கடையில் வார்னிஷ் வாசனைக்கு நடுவே எத்தனை வருஷம் வாதாடியிருப்போம்!

"யாருமே பாக்கலன்னா உன்ன யாரு கேள்வி கேப்பாங்க?" என்பேன்.

"நரகத்துக்குப் பயந்து நல்லவனா கீறவன், பயம் போச்சுன்னா இன்னா பண்ணுவான்?" என்பாய்.

எங்கள் தாத்தாவை முதன்முதலில் பெஞ்சில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடம்தான் என்பேன். அதை நீ ஒருநாளும் மறுத்ததில்லை. "அது சரி மச்சான், அப்பறம் ஏன் கல்லறைல மட்டும் சாதிக்கு ஒரு பக்கம்?" என்று கேட்டுவிட்டுக் கம்பியைச் சுற்ற ஆரம்பிப்பாய்.

மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் அந்த மழைநாளையும் எழுதியாக வேண்டும்.

செய்யாறு கரை மீறிய காலை அது. செங்கல் சூளைக் குடிசைகளில் தண்ணீர் புகுந்து, நாலு குடும்பங்கள் நம் தெருவுக்கு வந்தன. மேட்டில் இருந்தது கோயில் மட்டும்தான். ராணி என்ற பெண் காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணா, கதவத் தொறந்து வுடுண்ணா" என்றாள். உள்ளே புதுத் தரை. டைல்ஸ் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. நான் அவர்கள் காலைப் பார்த்தேன். சேற்றைப் பார்த்தேன். "சாவி பாஸ்டர்கிட்ட கீதும்மா" என்றேன்.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நீ அங்கே நின்றிருந்தாய். பையின் கனத்தைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். அவர்களை உன் கடைக்குக் கூட்டிப்போனாய். பழைய மோட்டார்களை மழையில் தூக்கிப் போட்டுவிட்டு இடம் பண்ணிக்கொடுத்தாய்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் சபை வாலிபர் சங்கம் ஒரு பட்டிமன்றம் வைத்தது. மனிதன் நல்லவனாக இருக்கக் கடவுள் வேண்டுமா என்பது தலைப்பு. என் பக்கம் நான், உன் பக்கம் நீ. பேச்சு வேகத்தில் நான், "ஏழைக்கு எங்க சபைக் கதவு தொறந்தே கீது. உங்க மறுப்பு யாருக்கு இன்னா தொறந்துச்சு?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நீ எழுந்தாய். அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்றே நினைத்தேன். "மச்சான் சொல்ற மாதிரி ஒரு சபை இருந்தா எனக்கும் சந்தோஷம்தான்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாய்.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா நான் ஜெயிப்பேன். கதவு தொறக்குமா?" என்றாய். அதன்பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை.

காயில் கட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோயிற்று. நீ கேட்டபடி ஜெபமில்லாமல், சடங்கில்லாமல் அடக்கம் செய்தோம். அங்கே ராணி என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாவம்ண்ணா நீ. அன்னிக்கு சாவி இல்லாம எவ்ளோ சங்கடப்பட்டியாம். அவருதான் சொன்னாரு, உன்மேல கோவப்படாதீங்கன்னு."

என்னைக் காப்பாற்ற அவர்களிடம்கூட என் பொய்யையே சொல்லியிருக்கிறாய். எதற்கடா? கனவில் வரும்போதெல்லாம் கேட்க நினைக்கிறேன். அதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

அடுத்த மாதம் எஸ்தர் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "அண்ணா, அவரு இப்ப எங்க கீறாரு? நீங்க சபைல படிக்கிறீங்களே, அந்த நெருப்புலயா?" நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு என் முறை. வேதத்தை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, சேறு, குழந்தை, பொய், அந்தக் கைதட்டல். "இத இங்க சொல்லணுமாப்பா?" என்றார் ஒரு பெரியவர். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து வெளியே போனாள். பாஸ்டர் என்னைக் கொஞ்ச காலம் வாசிக்க வேண்டாம் என்றார். சரி என்றேன். இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். மழைக்காலத்தில் கோயிலைப் பூட்டுவதில்லை என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. பெரிய சண்டைக்குப் பிறகுதான். நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய்.

சூளைக்கும் போய் ராணியிடம் சொன்னேன். செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "கொயந்த ஒடம்பு அன்னிக்கு எவ்ளோ சூடா இருந்துச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கல்லை எடுத்தாள். மன்னிப்பு என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. குழந்தை பிழைத்து, மணல்மேல் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

எஸ்தருக்குப் பதில் சொல்லிவிட்டேன். "தெரியலம்மா. ஆனா, அவரு நெருப்புல கீறாருன்னு இனிமே நான் படிக்கமாட்டேன்." அவள் அழவில்லை. எனக்குச் சோறு போட்டாள்.

நான் இன்னும் நம்புகிறேன், மாப்ள. உனக்காக ஜெபமும் பண்ணுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஊரில் ஒரு கதை கிளம்பியிருக்கிறது, கடைசி மூச்சில் நீ ஆண்டவரைக் கூப்பிட்டாய் என்று. ஆசையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கும் கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும், சொல்கிற ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்துவேன். நீ நம்பாமலே வாழ்ந்தாய், நம்பாமலே போனாய், நல்லவனாகவே இருந்தாய். இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற யாரையும் விடமாட்டேன்.

உன் பெஞ்சுக்காரன், உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
மச்சான் மனுவேல்