கிளை குத்தின கண்

காலி பிஸ்கட் பாக்கெட் இன்னும் என் பையில் கிடக்கிறது, நைனா. மத்தியானம் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் படித்தாள் உன் பேத்தி. நீ புளியம்பழத்தில் பூச்சி பார்ப்பதும் அப்படித்தான். "இன்னாய்யா, மோந்து பாத்துத்தான் எடுப்பியா?" என்று நம் ஊர் நெல்லிவாசலில் கிண்டல் செய்வார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். எனக்குத்தான் மானம் போகும்.

சின்ன வயதிலிருந்தே உனக்குத் தூரம் தெரியாது. கண்ணாடியும் போட்டதில்லை. ஒருநாள் இடது கண்ணில் புகையாக இருக்கிறது என்றாய். அப்புறம் அது இருண்டே போனது. என்னைப் பெண் பார்க்க அமிர்தியிலிருந்து வந்தபோது நீதான் சொல்லிக்கொடுத்தாய்: "புளி உலுக்கச்சொல்ல கிளை குத்திடுச்சின்னு சொல்லிடு. வம்சத்துல வர்ற கோளாறுன்னா எவன் பொண்ணு எடுப்பான்?"

நீ போய்ச் சேர்ந்தும் அந்தப் பொய் போகவில்லை. இன்று பாப்பாவுக்கு மைனஸ் எட்டு என்றார் டாக்டரம்மா. "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்து பார்வை போயிருக்கா?" என்று கேட்டார். "என் மருமவ அப்பாவுக்கு ஒரு கண்ணு கெடையாதுங்க. அது கிளை குத்துனது" என்று மாமியார் முந்திக்கொண்டார். நான் தலையாட்டினேன். தூ, நானெல்லாம் ஒரு தாயா!

வெளியே வந்து பிஸ்கட் தின்றுகொண்டே பாப்பா சொன்னாள்: "அம்மா, இந்தக் கண்ணுல நேத்துலேந்து கொசு பறக்குது."

உன் கண்ணில் முதலில் புகை வந்தது ஞாபகம் வந்தது. அவளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். "கிளை குத்தல டாக்டர். எங்க நைனாவுக்கும் இதே கிட்டப்பார்வைதான். கண்ணு தானா போச்சு."

"அப்போ இத்தினி வருசமா எங்களாண்ட இன்னாடி சொன்னீங்க?" என்றார் மாமியார். நான் பாப்பாவை டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவின் விழித்திரையைப் பார்த்தார். ஓரத்தில் சின்னதாகக் கிழிந்திருக்கிறதாம். இன்றே லேசர் வைத்தால் பார்வை போகாது என்றார். வைத்துவிட்டார்கள். உன் பெயரைச் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருந்தால் அவள் கண்ணும் உன் கண் மாதிரி இருண்டிருக்கும்.

மருந்துச் சீட்டை நீட்டிய டாக்டர் என்னையே பார்த்தார். "நீங்க கண்ணாடி போடறதில்லையா?" அப்போதுதான் கவனித்தேன், சீட்டை மூக்கருகே வைத்திருந்தேன். பஸ் போர்டைக்கூட அடுத்தவரைக் கேட்டே ஏறுகிற என்னை, படிப்பு வராதவள் என்று மாமியார் நினைத்திருந்தார். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

எனக்கும் கண்ணாடி எழுதியிருக்கிறார். இனி யார் கேட்டாலும், இது எங்க நைனா கண்ணுன்னுதான் சொல்லுவேன்.